பனிமலை கண்டவர் சொன்ன பிறை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை செய்தி சேகரிக்க மன்னார் அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்றபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து கருவாடு ஏற்றி வந்த வண்டிக்காரர் என்னைக் கண்டு வண்டியை நிறுத்தினார். காசிம் காக்கா முதல்நாள் பின்னேரம் மௌத்தாகிவிட்டாராம். உயிர் பிரியுமுன் குளிருது, போர்வை தாங்கோ என்று கேட்டவர், போர்த்திவிட்டதும், “இதெல்லாம் ஒரு குளிரோ” என்று தானே சிரித்தாராம்.

அவரை அறிந்த உங்களுக்கு அது எந்தக் குளிரை நினைத்த சிரிப்பு என்று தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னாரில் உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவர் சமையற்காரராக இருந்தார். துரை நீண்ட விடுமுறையில் சுவிற்சர்லாந்துக்குப் போனபோது, காக்காவின் மீன்கறியைப் பிரிய மனமில்லாமல் அவரையும் கூட்டிச் சென்றார். ஒரு மாரியும் ஒரு கோடையும் அங்கே ஒரு மலைக்கிராமத்தில் கழிந்தன.

மாரியில் மலை முழுவதும் பனி. உப்பளத்தில் குவித்த உப்புப் போலத்தான் இருந்தது, வாயில் போட்டுப் பார்த்தேன், உப்பில்லை என்பார். துரையும் துரைசானியும் காலில் ஆளுயரப் பலகைகளைக் கட்டிக்கொண்டு சரிவில் சறுக்கி இறங்குவார்கள். ஒருநாள் காக்காவுக்கும் கட்டிவிட்டார்கள். சாரத்தை விடமாட்டேன் என்று காற்சட்டைக்கு மேல் அதையும் உடுத்திக்கொண்டு நின்றாராம். பாதித் தூரம் பலகையிலும் மீதி முதுகிலுமாக இறங்கி, ஒரு மாட்டுத்தொழுவத்தின் கதவில் மோதி நின்றார். “வள்ளத்துக்கு நங்கூரம் இருக்குது. அந்தப் பலகைக்கு ஒண்டும் இல்லை” என்பது அவர் தீர்ப்பு.

கோடை அவருக்கு இன்னும் பெரிய வியப்பு. அதே சரிவில் புல், பூ, கழுத்தில் மணி கட்டிய மாடுகள். துரை ஊன்றுகோலோடு தினமும் மலையேறுவார். சாப்பாட்டுக் கூடையோடு காக்கா பின்னால். உச்சியில் பாண்ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டு இறங்கிவிடுவார்கள். மேலே சந்தை இல்லை, சொந்தக்காரர் இல்லை, பிறகேன் ஏறுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டார். பார்க்கத்தான் என்றார் துரை. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது விளங்க ஒரு மாதம் பிடித்தது. விளங்கியபின், துரை வராத நாளிலும் தனியே ஏறினார்.

ஊர் திரும்பியபின் எருக்கலம்பிட்டி அவர் கதைகளை விரும்பிக் கேட்டது. ஒரு சொல்லையும் நம்பவில்லை. ‘ஐஸ்மலை’ என்று பட்டமும் வைத்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஒரு மாலை மட்டும் சிரிக்க முடியவில்லை.

ரமழான் பிறை பார்க்கும் மாலை அது. வானத்தில் மேகம். கடற்கரையில் நின்றவர்களுள் அவர் ஒருவருக்கே, மேகம் சற்று விலகியபோது பிறை தெரிந்தது. நோன்பு தொடங்க நேர்மையான ஒருவரின் சாட்சி போதும். பள்ளிவாசலில் அவர் சாட்சி சொன்னதும், பலகை கட்டி மலையிலிருந்து வழுக்கினேன் என்பவர் எப்படி நேர்மையானவர் என்று ஒரு முதலாளி கேட்டார். சாட்சி தள்ளப்பட்டால், பொய்யர் என்ற பெயர் பள்ளிக்குள்ளேயே அவருக்கு நிலைத்துவிடும். வேறொரு செய்திக்காகப் போயிருந்த நான் முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடிவு சொல்ல வேண்டியவர் பள்ளியில் பிரசங்கம் செய்யும் கதீபு, இளகிய மனத்தவர். பனிக்கதை விளையாட்டுக்குச் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கோ, பிறையை ஏற்கிறேன் என்றார்.

“பனியையும் இந்தக் கண்ணாலதான் கண்டனான், பிறையையும் இந்தக் கண்ணாலதான் கண்டனான். ஒண்டை விட்டுக்குடுத்திட்டு மற்றதை எப்பிடி வைச்சிருக்கிறது, ஆலிம்சா?”

கதீபு முதலாளியின் பக்கம் திரும்பினார். “ஒரு சொல்லோட தப்பியிருக்கலாம். தப்பப் பாக்கேல்லை. எனக்கு இது காணும், வேற சாட்சி வேண்டாம்.” மறுநாள் நோன்பு என்று அறிவித்தார்.

அடுத்த மாலை வானம் வெளித்தது. காக்கா முதல்நாள் கண்டது மெய்யென்று காட்டி, இரண்டாம் நாளுக்குரிய உயரத்தில் பிறை எல்லோருக்கும் தெரிய நின்றது. நோன்பு திறந்த கையோடு அந்த முதலாளியே வந்து, அந்தப் பலகை எத்தனை முழம் என்று விசாரித்தார். உங்களுக்கென்றால் கொஞ்சம் நீளமாக வேணும், உங்கள் பாரம் கூடுதல் என்றார் காக்கா.

வாசகர்கள் நம்பமாட்டார்கள், வெட்டிவிடுங்கள் என்று பத்திரிகைக் கந்தோரில் சொல்லும் வரிகளை, நானே கண்டு எழுதியவை என்றால், அதன்பின் நான் வெட்டியதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இந்தக் கட்டுரையிலும் முதுகால் இறங்கிய இடத்தை எடுத்துவிடலாமே, அஞ்சலிக்கு அழகில்லையே என்றார்கள். முதுகில் அவரே காட்டிய தழும்பைக் கண்டவன் நான். அந்த வரி அப்படியே இருக்கிறது.