காட்டேரிக்கு வைத்த பல்

பொன்னமராவதி ரத்தினவேலுக்குப் பிழைப்பு பல் செட் செய்வது. கிறுக்கு, பேய் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பகலெல்லாம் பல் வரிசை அடுக்குவார். மிச்ச நேரத்தில் அதே மெழுகையும் ரெசினையும் வைத்து, பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கும் பேய்க்கதைப் புத்தக அட்டையிலிருந்து இறங்கி வந்த மாதிரி கொள்ளிவாய்ப் பிசாசும் முண்டமும் செய்வார். தலை, கை, சடை என்று தனித்தனியாக வார்த்து டப்பாவில் போட்டுக் கொடுத்தால், வாங்குகிறவர்கள் ஒட்டி வர்ணமடித்துக்கொள்வார்கள். நாற்பத்தாறு வயது ஆம்பளை செய்கிற வேலையா இது என்று கேட்க ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவரே தினம் ஒரு தடவை கேட்டுக்கொள்வார்.

சென்னையில் இப்படிப்பட்ட பொம்மைகளுக்கென்றே கடை வைத்திருக்கும் கோட்டைப்பட்டினத்துப் பெண் ஃபர்ஹானா, ஆள் தலை அளவில் ரத்தக் காட்டேரி ஒன்று கேட்டிருந்தார். மாதிரி பிடித்துப்போனால் ஐம்பது உருப்படி. ஒவ்வொரு டப்பாவிலும் ‘ஆக்கம்: ரத்தினவேல்’ என்று அச்சாகும். அதில்தான் மனுஷன் விழுந்தார். இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ வாய்க்குள் அவர் வேலை இருக்கிறது. ஒரு வாயிலாவது அவர் பேர் உண்டா? பேரெல்லாம் டாக்டருக்கு.

முதல் மாதிரி திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. கண், நாக்கு, சடை எல்லாம் பிரமாதமாம். வாயைப் பார்த்தால்தான் பல்பசை விளம்பரத்துக்கு நிற்கிற மாதிரி இருக்கிறதாம். இன்னொரு தடவை பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகவும் ஃபர்ஹானா தன்மையாகத்தான் சொன்னார். ரத்தினவேல் மறுபடி மெழுகை எடுத்தார். கோணலாக வைக்க வேண்டும் என்றுதான் உட்காருவார். பாழாய்ப்போன கை, அதுபாட்டுக்கு நேராக்கிவிடும். கோரைப்பல்லைக்கூட, மேலும் கீழும் கடி பொருந்துகிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் வைக்கும். அந்தக் காட்டேரி ரத்தம் குடிக்குமோ குடிக்காதோ, தாராளமாக முறுக்குக் கடிக்கலாம்.

இத்தனைக்கும் கோணல் பல்லைத் தேடி அவர் எங்கும் போக வேண்டியதில்லை. அவருடைய முன்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டுப் படுத்திருக்கும். பக்கத்துப் பல் ஈறுக்கு மேலே தனிக்குடித்தனம். பல் கட்டுகிறவன் தன் பல்லைச் சரிசெய்துகொள்ளக் கூடாதா என்றால், தனக்கு வேலை தரும் டாக்டர் முன்னாலேயே வாயைத் திறந்து காட்ட வெட்கம். சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்த பழக்கம். கல்யாண ஃபோட்டோவிலும் உதட்டைத் தைத்த மாதிரிதான் நிற்கிறார்.

வேறு வழி தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் அச்சு எடுக்கும் பவுடரைக் குழைத்துத் தன் வாயிலேயே திணித்துக்கொண்டார். ஆயிரம் பேர் அச்சைப் பார்த்தவருக்கு, அது தொண்டைப்பக்கம் போனால் எப்படிக் குமட்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வார்த்தெடுத்துக் காட்டேரியின் ஈறில் பொருத்தி நிமிர்ந்தவர் ஓர் எட்டு பின்வாங்கினார். இதைச் சுமந்துகொண்டா தினமும் கடைத்தெருவுக்குப் போகிறோம் என்று தன்னை நினைத்துத் தானே சிரித்தார், கையால் மூடிக்கொண்டுதான்.

டீயோடு வந்த மனைவி புவனேஸ்வரி கொஞ்சமும் பயப்படவில்லை. “இது ஒங்க பல்லுல்ல?” என்றாள்.

மறுவாரம் ஃபர்ஹானாவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. “டப்பாவத் தொறந்ததும் பக்குன்னு ஆயிருச்சுண்ணே. இந்தப் பல்ல எப்படிண்ணே யோசிச்சீங்க?”

சும்மா கற்பனைதான் என்று பதில் போட்டார். பேரோடு அவர் படத்தையும் டப்பாவில் போடலாம், நன்றாகச் சிரித்த முகமாக ஒன்று வேண்டும் என்று உடனே அடுத்த செய்தி வந்தது.

பல் செட் செய்யும் தன் லேப் வாசலில் போய் நின்றார். புவனேஸ்வரி செல்லை உயர்த்தியதும் வாய் தன்னால் மூடிக்கொண்டது. அவள் செல்லை இறக்கினாள்.

“அம்பது வீட்டுக்கு அனுப்பப்போறீங்கள்ல. கல்யாணமாகிப் பதினெட்டு வருசமாச்சு, எனக்கு ஒருக்கா காட்டுனா என்ன?”

வாய்க்குக் கிளம்பிய கை பாதி வழியில் நின்றது. பிறகு இறங்கியது. சிரித்தார்.

ஃபர்ஹானாவுக்கு அனுப்பும் முன்னால், புவனேஸ்வரி அந்தப் படத்தைத் தன் செல்லின் முகப்பில் வைத்துக்கொண்டாள்.