நான் வேண்டிய அலகு

தீபாவளி முடிந்த வாரம் என் மகளின் இடது கால் வீங்கியது. காம்பாரில் படிப்பை முடித்து ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சுளுக்கு என்றுதான் நினைத்தோம். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதாக மருத்துவமனையில் சொன்னார்கள். அவள் மூச்சுக்குத் திணறிய அந்தப் பகலில், கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி முருகனிடம் வேண்டிக்கொண்டேன்: பிள்ளை பிழைத்தால் தைப்பூசத்துக்கு நாக்கில் அலகு குத்திப் பால்குடம் எடுப்பாள்.

மலேசியாவில் தாப்பா பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அதுதான் வழக்கம். பெற்றவர் வேண்டுவார், பிள்ளை சுமக்கும். பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

பிழைத்தாள். ரத்தம் மறுபடி உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுத்தார்கள். ரத்தச் சோதனையில் வரும் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி வரலாம், கூடினால் ரத்தம் கசியலாம். தினமும் மாலை ஆறு மணிக்கு அவள் கைப்பேசி அடிக்கும்போது நான் தண்ணீரோடு நிற்பேன்.

"அலாரமே வேணாம் லா, நீங்க இருக்கீங்க" என்பாள்.

தைப்பூசம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்தது. குத்தினால் ரத்தம் நிற்குமா? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன்: சில நாள் மாத்திரையை நிறுத்துவது.

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா பா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க."

மகள் மாத்திரைப் பெட்டியை மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள்.

மூன்றாம் நாள் வழக்கமான ரத்தச் சோதனைக்குப் போனோம். எண் ஒன்றரைக்கும் கீழே. மருந்து கொடுக்கும் தமிழ்ப் பெண் முகம் சுளித்தார்.

"விரதமா? கீரை அதிகமா சாப்பிட்டீங்களா? அதுவும் எண்ணக் குறைக்கும்."

"ஆமாக்கா" என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டே. அது பொய்யும் இல்லை. வீட்டில் ஒரு மாதமாக முருங்கைக்கீரைதான். என்னைக் காட்டிக்கொடுக்காமல் கீரையைக் காட்டிக்கொடுத்தாள்.

"அப்ப அளவக் கொஞ்சம் கூட்டணும். டாக்டர்கிட்ட சொல்றேன்." பேனாவை எடுத்தார்.

நான் குறுக்கிட்டேன். "கூட்டாதீங்கம்மா. மூணு நாளா மாத்திரையே போடல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அந்தப் பேனா நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

"அங்கிள், சொல்லாம இருந்திருந்தா? கூட்டுன மருந்துல எங்கயாவது ரத்தம் கசிஞ்சிருந்தா?"

மருத்துவரும் வந்து கடிந்துகொண்டார். பழைய அளவே தொடர வேண்டும். விட்டதற்காக இரண்டாகப் போடக் கூடாது. கீரையை விட வேண்டாம், தினமும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மூச்சு முட்டினால் உடனே வர வேண்டும். எண் ஏறும்வரை வயிற்றில் ஊசி. அலகு குத்தும் பேச்சே கூடாது.

என்னால் அவளுக்கு ஊசி. வீடு திரும்பக் காரில் ஏறினோம். அவள்தான் பேசினாள்.

"எனக்கும் பயமா இருந்துச்சு பா. நீங்க வேண்டிட்டீங்களேன்னுதான் சும்மா இருந்தேன்."

"இனிமே அப்படி இருக்காதம்மா."

"சரி, வேண்டுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே குத்திக்குங்க. நான் தண்ணி தூக்கிட்டு வாரேன்." உடனே சிரித்துவிட்டாள். "எனக்கு ஊசி போட்டப்பவே கண்ண மூடுன ஆளு லா நீங்க!"

தைப்பூசத்தன்று வெயிலுக்குப் பயந்து பிற்பகலில் கிளம்பினோம். கண்ணை மூடிக்கொண்டேன், என் நாக்கில் குத்தினார்கள். தலையில் பால்குடம், பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியோடு மகள். கூட்டம் நகரவே இல்லை. கோயில் இன்னும் தூரத்தில் இருக்கும்போது அவள் பையில் கைப்பேசி அடித்தது. ஆறு மணி.

பழக்கத்தில், மாத்திரையை நினைவுபடுத்தத் திரும்பினேன். நாக்கு அசையவில்லை.

மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு எனக்கு முன்னால் வந்து, வாயைத் திறந்து, துளை இல்லாத நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"போட்டாச்சு பா. முன்ன பாத்து நடங்க."