போர்ப் பாட்டின் சுவை

விஷ்ஷென்று காற்றைக் கிழிக்கும் சத்தம்தான் முதலில் வரும், எரிச்சல் கொஞ்சம் தாமதித்து வரும், அதற்கும் பிறகு தோலில் விரல் பருமனுக்கு ஒரு தடிப்பு எழும்பி நிற்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சை ஓஸை முழ நீளத்துக்கு அறுத்து வைத்திருந்தார் எங்கள் தமிழய்யா. நாங்கள் அதற்கு வைத்த பெயர் "பச்சைப்பாம்பு". நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த நான், கவிதையை ரசிக்கக் கற்றுக்கொண்டது அந்த ஓஸின் கீழேதான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

"நயம் பாராட்டுக" என்றொரு கேள்வி வரும். முன்பின் பார்த்திராத ஒரு பாடலைக் கொடுத்து மையக்கருத்து, எதுகை, மோனை, அணி, சுவை என்று தலைப்பிட்டு எழுதச் சொல்வார்கள். எந்தப் பாட்டுக்கும் பொருந்தும்படி ஒரு பாராட்டுரையை அய்யாவே எழுதிக் கொடுத்திருந்தார். "படிக்கப் படிக்கத் தெவிட்டாத இன்பம் பெருகுகிறது" என்று தொடங்கும் அதைப் பல் துலக்கும்போதுகூட ஒப்பித்துக்கொண்டிருப்போம். சுவைக்கு மட்டும் தனிச் சட்டம். "நிலா வந்தா உவகை, சாவு வந்தா அவலம், சண்டை வந்தா வீரம். இதுல ரோசிக்கிறதுக்கு என்ன இருக்குது?" என்பார்.

ஒரு மாதத் தேர்வில் போர்ப் பாட்டு வந்தது. வென்ற அரசனைப் புகழும் பாட்டுத்தான். ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது. அவன் தேர் உருண்டுபோன தடத்தில், விழுந்து கிடந்தவர்களின் விரல்கள் இன்னும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தனவாம். அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் கோழிப்பண்ணை வைத்திருந்தோம். நான் சிறுமியாக இருந்தபோது வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து, ஷெட்டு முழுக்கக் கோழிகள் கழுத்து முறுக்கிக்கொண்டு சுழன்று விழுந்தன. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, செத்ததையும் சாகாததையும் சேர்த்து வாரிக் குழியில் கொட்டினார். துள்ளியவற்றின் கழுத்தைத் திருகினார். திருகித் திருகிக் கை ஓய்ந்தபின் அப்படியே போட்டார். சுண்ணாம்பைக் கொட்டி மண்ணைத் தள்ளிய பிறகும் அந்த மண் அசைந்தது. "மனசக் கல்லாக்கிக்கிட்டான், ஆம்பளைன்னா அவன்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மெச்சினார்கள். அப்பா அன்று சோறு தின்னவில்லை.

பாட்டை எழுதியவனும் அப்படி ஏதோ ஒரு குழியைப் பார்த்தவன்தான் என்று எனக்குப் பட்டது. புகழ வந்த இடத்திலும் அந்த விரல்களை மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. "சுவை: அவலம்" என்று எழுதிக் காரணமும் எழுதினேன்.

அய்யா அதை உரக்கப் படித்து வகுப்பைச் சிரிக்கவைத்தார். பிறகு கரும்பலகையில் "வீரம்" என்று எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். பச்சைப்பாம்பு கெண்டைக்காலில் இறங்கியது, முதுகில் இறங்கியது, தடுத்த கையிலும் இறங்கியது. சாக்பீஸ் என் பிடிக்குள் நொறுங்கிப்போயிற்று. அலறினேன், மூக்கு ஒழுக அழுதேன், ஆனால் எழுதவில்லை. எழுதினால் அந்த விரல்களின் மேல் நானும் மண்ணைத் தள்ளியதாகிவிடும்.

மறுநாள் அப்பாவை வரவழைத்தார்கள். சேர்க்கும்போதே, "கண்ணு ரெண்ட மட்டும் உட்டுட்டுத் தோல உரிச்சுப்போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். எழுதாவிட்டால் டி.சி.தான் என்றார் அய்யா. அப்பா என் கால் தடிப்புகளைப் பார்த்தார், ஓங்கிக் கன்னத்தில் ஒரு அறை விட்டார். காது ஙொய்யென்றது.

"சார் சொல்றத எழுதிப்போட்டுப் போறதுக்கென்ன, பெரிய இவளா நீ?"

"மண்ணு அசைஞ்சுதுங்கப்பா. நீங்களுந்தான அன்னிக்குச் சோறு திங்கல?" என்று கத்தினேன். எந்த மண், எந்தச் சோறு என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மறுபடி ஓங்கிய கை கீழே இறங்கியது. அய்யா பக்கம் திரும்பி, "டி.சி.யக் குடுத்துருங்க சார். புள்ளைய ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போறேன்" என்றார். பரமத்தி வேலூர் பஸ்ஸில் வெகுதூரம் போன பிறகு, "அந்தப் பாட்ட எழுதுனது யாரு சாமி?" என்று மட்டும் கேட்டார். கேள்வித்தாளில் பெயர் போடவில்லை என்றேன்.

இன்று பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது, வகுப்பறைகளில் ஓஸ் இல்லை. எங்கள் ஷெட்டு இருந்த இடம் வீட்டு மனையாகிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை, நான் புதிதாக வாங்கும் கவிதைப் புத்தகத்திலிருந்து ஒன்றிரண்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தன் தீர்ப்பைச் சொல்வார். அறை விழுந்த இடது காது எனக்கு அதன்பின் சரியாகக் கேட்டதில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசாத அந்த மனிதர், நாற்காலியை இழுத்துக்கொண்டு என் வலப்பக்கமாகவே வந்து உட்காருவார்.