பேய் தொடாத மெக்கானிக்

சங்கரன்கோவில் தியேட்டரில் ஒரு பேய்ப்படம். கார் ரேஸில் சாகடிக்கப்பட்டவன் பேயாகி, கறுப்புக் காரில் வந்து எதிரிகளை ஒவ்வொருவராக இடித்துக் கொல்கிறான். ஒவ்வொரு சாவுக்கும் ஆத்திரம் தீர விசிலடித்தேன். என் நண்பன் முருகனையும் ராஜபாளையம் ரோட்டில், ரேஸில் ஒருவன் இடித்துத்தான் கொன்றான்.

கூட வந்திருந்த முருகனின் அண்ணன் மட்டும் அசையவில்லை.

"என்ன அண்ணாச்சி, படம் பிடிக்கலையா?" என்றேன்.

"எல்லாரையும் கொல்லுத பேய், தன் வண்டிக்கு வேகம் கூட்டிக் குடுத்த மெக்கானிக்க மட்டும் ஏன்வே தொடல?"

முருகன் காருக்கு வேகம் கூட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ரேஸுக்கு அனுப்பியவன் நான்தான். ஒரு வருடமாக இடித்தவனை மட்டுமே திட்டிக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவன்.

இப்போதும் வேகம் கூட்டச் சொல்லி ஒர்க்‌ஷாப்புக்கு வருபவர்களைக் கண்டபடி திட்டி விரட்டுகிறேன். அந்த ஆத்திரம் அவர்கள் மேல் இல்லை.