வரதன் சாரின் கறுப்பு வெள்ளைப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கும் இட்லிக்கும் நடுவே, எதிர்வீட்டு வரதன் சாரை நான் சாகடித்துவிட்டேன்.

பதற வேண்டாம். அந்த வேலையை உங்களுக்கும் சேர்த்து நானே பார்த்துவிட்டேன்.

ஐம்பதைத் தாண்டிய ஆண்களை ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்கிறது. சிலருக்கு ஆன்மிகம். சிலருக்கு சர்க்கரை. எனக்கு போட்டோகிராபி. மச்சான் வெளிநாடு போகும்போது என் தலையில் ஒரு பழைய கேமராவைக் கட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மந்தைவெளியில் நான் எடுக்காத காக்கா இல்லை. மயிலாப்பூர் குளத்துப் படிக்கட்டு, தி.நகர் கூட்டம், அடையாறு பாலத்து விடியல்... எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் எதுவும் தெளிவாக இல்லை. ‘அதுதான் சார் மூட்’ என்று நானே சொல்லிக்கொள்வேன்.

எனக்குப் பெரிய பிரச்னை, மனிதர்களைப் படம் எடுக்கப் பயம். இந்த மாசம் ஒருநாள் நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். மீன் விற்கிற அம்மா ஒருவர் ‘வாங்குறதுன்னா வாங்கு நைனா, சும்மா யாவாரத்தை மறைச்சிக்கினு நிக்காத’ என்றார். பதற்றத்தில் வஞ்சிரம் வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அன்றைக்கு எங்கள் கேட்டருகே இஸ்திரி போடும் மாரி வீட்டில் அமர்க்களமான குழம்பு. இப்படிப்பட்ட ஆள்தான் நான்.

மே மாசம் வந்தால் எங்கள் அடுக்குமாடியில் பிள்ளைகளுக்காக ஒரு வாரம் கோடைக் கொண்டாட்டம் நடக்கும். வெயிலுக்கு பயந்து எல்லாமே கீழே கார் பார்க்கிங்கில். மாம்பழம் சாப்பிடும் போட்டி, லெமன் ஸ்பூன், கேரம். இந்த வருஷம் அதிகாரபூர்வ போட்டோகிராபர் நான்தான். ஏகமனதான தேர்வு. வேறு யாரிடமும் கேமரா இல்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டுமா?

பிள்ளைகள் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறார்கள். என் படங்களில் பாதி எலுமிச்சம்பழம் இருக்கும், பிள்ளை இருக்காது. மாம்பழப் போட்டியில் ஜெயித்த பெண்ணின் முழங்கையை மட்டும் மிக அழகாக எடுத்திருக்கிறேன். அவள் அம்மா அதை ஃபிரேம் போடப் போவதாகச் சொன்னார். கிண்டல்தான்.

இனி வரதன் சார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். எங்கள் பில்டிங் கேரம் போட்டிக்கு வருஷா வருஷம் அவர்தான் நடுவர், அவர்தான் சாம்பியன். இரண்டும் ஒருவரே என்பதை யாரும் கேட்டதில்லை. மூன்று மாசம் முன்னால் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் எல்லாம் சரியாகிவிட்டது, நடங்கள், மாடி ஏறுங்கள், பழையபடி இருங்கள் என்று சொல்லி அனுப்பினார். சார் எல்லா மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். நடக்கச் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. பெட்ரூமிலிருந்து ஹால், ஹாலிலிருந்து பெட்ரூம். வாசற்படியைத் தாண்டினால் அதுதான் கடைசி என்று ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது.

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மாமி, கெஞ்சினார், அதட்டினார், பேசாமல்கூட இருந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எப்படியோ கீழே அழைத்து வந்துவிட்டார். லிஃப்டில். ஒரு கை மாமியின் தோளில், இன்னொரு கை நெஞ்சில்... தளும்பத் தளும்ப ஊற்றிய காபி டம்ளரை எடுத்து வருகிற மாதிரி நடந்து வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஸ்டிரைக்கரை நீட்டின. வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்துப் பையன் ரெட் காயைத் தவறவிட்டதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், வாங்கிச் சுண்டினார்.

ரெட் உள்ளே.

முகத்தில் ஒரு சிரிப்பு. கேட்டு வழியாகச் சாயங்கால வெளிச்சம் நேராக அந்தச் சிரிப்பின் மேல். நான் பட்டனை அமுக்கினேன். என் வாழ்க்கையிலேயே எல்லாம் கூடி வந்த ஒரே படம்.

மாமி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “நாளைக்கும் கீழ வரேன்னு சொல்லியிருக்கார். வாசல் கேட்டு வரைக்கும் நடந்து பாக்கறேன்னார். நடுவுல யாரும் எதையாவது சொல்லி பயமுறுத்திடாம இருக்கணும், அவ்ளோதான்.”

யார் சொல்லப் போகிறார்கள் மாமி, என்று தைரியம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கலை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? பிள்ளைகளை வெட்டினேன். கேரம் போர்டை வெட்டினேன். பின்னால் நின்ற ஸ்கூட்டரை இருட்டாக்கினேன். சார் முகம் மட்டும். கலரைவிடக் கறுப்பு வெள்ளையில் கம்பீரமாக இருந்தது. சுற்றிலும் மெல்லிசாக ஒரு கறுப்பு பார்டர். பில்டிங் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். கீழே ‘வரதன் சார்’ என்று மட்டும் எழுதினேன். மரியாதைக்கு ஒரு கும்பிடு பொம்மை.

சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்க்காமல் போனைத் திறந்து இதைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நம் ஊரில் ஒரு பெரியவர் கறுப்புக் கட்டத்துக்குள் தனியாகச் சிரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

எனக்கு மட்டும் தோன்றவில்லை. குளிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் போன் மேஜை மேல் துடித்துக்கொண்டிருக்கிறது. ஓம் சாந்தி. ஆர்.ஐ.பி. ஆழ்ந்த இரங்கல். மெழுகுவத்தி. மறுபடி ஓம் சாந்தி. முதல் மாடி பஷீர் பாய் நீளமாக, மனசைத் தொடுகிற மாதிரி எழுதியிருந்தார். எங்கள் செக்ரட்டரி ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று போட்டிருந்தார். தண்ணி மோட்டார் விவகாரத்தில் இவரும் வரதன் சாரும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

மனைவியைக் கூப்பிட்டேன். போனைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “முதல்ல அதை அழிச்சுத் தொலைங்க” என்றார்.

அழித்தேன். எல்லாருக்கும் அழிப்பதா, எனக்கு மட்டும் அழிப்பதா என்று போன் கேட்டது. யோசிக்காமல் ஏதோ ஒன்றை அமுக்கினேன். எனக்கு மட்டும் அழித்தேன்.

அதாவது, பில்டிங் முழுக்க எல்லார் போனிலும் படம் இருக்கிறது. என்னிடம் மட்டும் இல்லை.

அவசரமாக ‘சார் நல்லா இருக்கார்’ என்று டைப் அடித்தேன். உடனே ஒரு பதில்: ‘நிச்சயமாக. எங்கிருந்தாலும் நல்லா இருப்பார்.’

அடுத்து செக்ரட்டரியிடமிருந்து ஒரு அறிவிப்பு. அவர் தாம்பரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அங்கிருந்தே காரியத்தில் இறங்கிவிட்டார். ‘ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு. வண்டி கிளம்பிவிட்டது. குடும்பத்தை யாரும் போன் பண்ணித் தொந்தரவு செய்ய வேண்டாம்.’ ரிப்பேரான மோட்டாரைப் பார்க்க ஆள் அனுப்பாத மனுஷன், இதில் என்ன வேகம் பாருங்கள். அவருக்குப் போன் போட்டேன். பிஸி. இன்னும் யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இருந்த வேட்டி பனியனோடு படியில் ஓடினேன். கேட்டில் மாரி இஸ்திரிப் பெட்டியை ஓரம் வைத்துவிட்டுக் கையைக் கட்டி நின்றார்.

“இன்னா சார், ஐயா பூட்டாராமே? நேத்து கூட கேரம் ஆடிக்கினு இருந்தாரே...”

“போகலை மாரி. இருக்கார்.”

“அப்போ வண்டி இன்னாத்துக்கு வந்துகீது?”

வந்தே விட்டது. இரண்டு பேர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றேன். இல்லை, இருக்கிறார், அவர் இன்னும்... என்று என்னென்னவோ உளறினேன். டிரைவர் அனுபவஸ்தர். என்னை ஆதரவாகப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னா சொல்லுங்க சார். வெயிட் பண்றோம்.”

மாரிதான் அவர்களிடம் ஏதோ சொல்லி, வண்டியைத் திருப்பி அனுப்பினார். நான் மேலே பார்த்தேன். நல்லவேளை, வரதன் சார் வீட்டு பால்கனியில் யாரும் இல்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. சாரும் அந்தக் குரூப்பில் இருக்கிறாரே!

லிஃப்ட் வரும்வரை நிற்க முடியவில்லை. படியில் ஏறினேன். கடைசி மாடி வருவதற்குள் எனக்கே நெஞ்சு அடைத்தது. மனசுக்குள் சார் படுக்கையில் சுருண்டு படுத்திருந்தார். மாமி என்னைப் பார்த்து, ‘யார் சொல்லப் போறான்னு கேட்டேளே?’ என்றார். இப்படியே கற்பனை செய்துகொண்டு பெல் அடித்தேன்.

கதவைத் திறந்தது சார். மூக்கில் கண்ணாடி, கையில் போன்.

“வாய்யா, போட்டோகிராபர்” என்றார். “நான் எப்போ போனேன்?”

வாசலில் செருப்பு ஸ்டாண்ட் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. மாமி தண்ணீர் கொண்டுவந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, சாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெதுவா மூச்சு விடு. எனக்குத்தானே ஸ்டென்ட்?” என்றார் சார்.

பிறகு போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். பரீட்சைப் பேப்பர் திருத்தும் முகம். பஷீர் பாய்க்கு நல்ல மார்க். அவர் பையனுக்கு சார் கணக்குச் சொல்லிக் கொடுத்ததை ஞாபகம் வைத்து எழுதியிருந்தாராம். மெழுகுவத்திக்காரர்களுக்குப் பாஸ் மார்க்கோடு சரி. இரண்டாவது மாடிக்காரரிடம் வந்ததும் நிறுத்தினார்.

“ஆர்.ஐ.பி.யாம். மூணே எழுத்து. ஒரு மனுஷன் போயிருக்கேன், முழுசா ஒரு வாக்கியம் எழுதக் கூடாதா?”

அடுத்தது செக்ரட்டரி. ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்பதை இரண்டு தடவை படித்தார். காது சிவந்தது. எழுந்து நின்றார்.

“என் சட்டையை எடு” என்றார் மாமியிடம்.

எங்கே போகப் போகிறார் என்று மாமி கேட்டார். எல்லாருக்கும் நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்றார். மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். லிஃப்டில் போகலாமே என்று மாமி மெல்ல ஆரம்பித்தார்.

“ஒவ்வொரு மாடியா ஏறி இறங்கணும். அதுக்கு எதுக்கு லிஃப்டு?”

மூன்று மாசமாக வாசற்படி தாண்டப் பயந்தவர், மாடிப்படியில் இறங்கினார். அவருக்குப் பின்னால், விழுந்தால் பிடிப்பதற்காக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நான். அவர் விழவில்லை. நான்தான் வேட்டி தடுக்கி ஒரு படியில் தடுமாறினேன்.

இரண்டாவது மாடியில் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சார் கைகுலுக்கி, “உங்க இரங்கல் கிடைச்சுது. ரொம்பச் சுருக்கம்” என்றார். அந்த மனுஷன் என்னை மட்டும் உள்ளே வந்து உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். சாரை ஆவி என்றே நினைத்திருப்பார்.

பஷீர் பாய் வீட்டில்தான் வேறு மாதிரி ஆகிவிட்டது. பாய் சாரின் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. ரோஸ் சர்பத் வந்தது. சர்க்கரை போடாமல் தனியாக சாருக்கு ஒன்று.

“மூணு மாசமா வந்து பாக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன் சார். தொந்தரவா இருக்குமோன்னு வரலை” என்றார் பாய்.

சார் பாயின் கையைத் தட்டிக்கொடுத்தார். சர்பத்தைக் குடித்தார்.

அடுத்து போன வீடுகளிலும் இதையேதான் சொன்னார்கள். வரணும்னு இருந்தோம், தொந்தரவா இருக்குமோன்னு வரலை. நான் எந்தத் தைரியத்தில் அவர்களைக் குறை சொல்வது? எதிர்வீட்டில் இருக்கிறேன். கதவுக்கும் கதவுக்கும் நடுவே நாலு செருப்பு வைக்கிற இடம். காக்காவைத் தேடி அடையாறு வரை போனேன், அந்தக் கதவைத் தட்டவில்லை. இருக்கிறவரைப் போய்ப் பார்க்க நமக்கு எத்தனை தயக்கம்! போய்விட்டார் என்றால் மட்டும் குளிக்காமல்கூட டைப் அடிக்கிறோம்.

சாயங்காலம் செக்ரட்டரி தாம்பரத்திலிருந்து கையில் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். குரூப்பில் யாரும் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. பார்க்கிங்கில் பிள்ளைகளுக்கு நடுவே வரதன் சார் ஸ்டிரைக்கரோடு உட்கார்ந்திருந்தார். மாலை கையிலிருந்து நழுவியது. மாரி வந்து அதைச் சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு போனார். சார் நிமிர்ந்து பார்த்து, பல வருஷத்துக்கப்புறம் செக்ரட்டரியிடம் பேசினார்.

“மோட்டார் எப்போ சரியாகும்?”

“நாளைக்கே சார்.”

சொன்னபடி மறுநாள் ஆள் வந்தான். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். திங்கட்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், பெல் அடித்தது. சார் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நின்றார். புதுசு இல்லை, ஆனால் துடைத்து வைத்திருந்தார். அவருக்குப் பின்னால், எதிர்வீட்டுக் கதவு இடுக்கில் மாமி. இன்றைக்குத் தெருமுனை வரைக்கும், நாளைக்கு சாந்தோம் வரைக்கும் வாக்கிங், சட்டையை மாட்டிக்கொண்டு வா என்றார்.

வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? டாக்டர்தான் தனியாகவே நடக்கலாம் என்று சொல்லிவிட்டாரே, நான் எதற்கு சார், என்று கேட்டேன்.

“தனியாப் போனா பயமா இருக்கும்யா” என்றார். “நீ பக்கத்துல பயந்துண்டே வந்தேன்னா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்.”