பாஸ் ஆகாத காசோலை

சில வருடங்களுக்கு முன், கணபதி பகுதியில் இருந்த ஒரு பம்ப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் பிறந்தால் எங்கள் கணக்கையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட்டுச் சரிக்கட்ட வேண்டும். ஒரே ஒரு காசோலை மட்டும் என் உயிரை வாங்கியது. எங்கள் கணக்கில் கொடுத்தாகிவிட்டது; வங்கியில் பணம் கழியவே இல்லை.

பட்டறையில் கடைசல் வேலை பார்த்து இறந்துபோன எங்கள் டர்னரின் மனைவிக்குத் தந்த பணிக்கொடை அது. காங்கேயத்தில் இருந்தார். போன் செய்தால், "நாளைக்குப் போட்டர்றனுங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். அடுத்த மாதமும் அதே பதில், அதே மரியாதை. இந்தப் பக்கம் ஆடிட்டர் குடைவார். முதலாளியோ, "ஏனம்மணி, இந்த ஒரு செக்கை முடிக்க மாட்டீங்களா?" என்பார். பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி நான் கெஞ்ச வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. கடைசியில் காசோலையின் மூன்று மாதக் கெடுவும் முடிந்துபோனது.

நாலு வார்த்தை நேரில் கேட்டுவிடுவதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வெயிலில் நின்று விசாரித்து, அவர் வேலை செய்யும், தேங்காய் காயவைக்கும் கொப்பரைக் களத்தைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"அந்த போனு எம் பையன்துங்க அம்மணி. நீங்க கூப்பிடறப்பெல்லாம் பக்கத்துலயே நிப்பானுங்க. என்ர பேங்க் கார்டும் அவங்கிட்டத்தான். செக்கைப் போட்டா அன்னைக்கே எடுத்துக் குடிச்சுப்போடுவான். சின்னவளை நர்சிங் சேர்க்கோணுங்க."

"அவருக்கு செக் விஷயம் தெரியாதுங்களா?"

"ஏதோ கையெழுத்துப் போடக் கூப்பிடறாங்கன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. நீங்க இன்னொருக்கா கூப்பிட்டிருந்தா தெரிஞ்சிருக்குமுங்க."

திட்ட வந்த நான், வேறு வழி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே புதுக் காசோலையில் கையெழுத்துப் போட்டார். ஒரு வேலை நாளில் காங்கேயம் போய், அவர் பெயரில் வேறு வங்கியில் கணக்குத் தொடங்க உதவினேன். பாஸ்புக்கை, களத்தில் கூட வேலை செய்யும் ஒரு தோழியிடம் கொடுத்து வைத்தார். அந்த மாதம் கணக்கு சரியாக வந்தது. மகளும் நர்சிங் சேர்ந்துவிட்டாள்.

இன்றும் பாக்கி விஷயமாகப் பேசும்போது யாராவது பட்டென்று போனை வைத்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது; ஆனால் மறுபடி அழைக்கும்போது, "இப்போ பேசலாமுங்களா?" என்று கேட்காமல் நான் பேச்சை ஆரம்பிப்பதில்லை.