பேராயர் கையில் ஒட்டிய கரி

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். கேட்டு முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளுங்கள். பதினாறு வயது வரை நானே என்னைப் பார்த்துச் சுளித்தவள்தான்.

என் அப்பா வெள்ளைக்காரர், விழுப்புரம் ஜங்ஷனில் இன்ஜின் டிரைவர். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அம்மா ரயில்வே குடியிருப்பில் ஆயா வேலை பார்த்த தமிழ்ப் பெண். எனக்கு அப்பாவின் பூனைக்கண், அப்பாவின் செம்பட்டை முடி. வெள்ளைக்காரக் கலப்பு என்று தெருவில் எனக்குப் பேரே "சட்டைக்காரி" தான்.

அம்மா விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தினமும் என் தலையில் அப்புவாள். சே, அந்த நாற்றம்! தலையணை பிசுபிசுக்கும். வெயிலில் கழுத்து வழியாகக் கறுப்பாக வழியும். என் உடம்பே எனக்குக் குமட்டியது. "ஆண்டவரே, இந்த முடியைக் கறுப்பாக்கும்." ஏழு வயதிலிருந்து இந்த ஒரே ஜெபம்தான். பதிலே இல்லை.

1960, சித்திரை மாதம். திண்டிவனத்தில் போர்டிங் பள்ளியில் இருந்தேன், அங்கே கரியை நானே பூசிக்கொள்வேன். எங்களுக்குத் திடப்படுத்தல். பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்தால்தான் நற்கருணை வாங்க முடியும். அன்றைக்குக் கரியை இன்னும் கெட்டியாகப் பூசிக்கொண்டு, வெள்ளை முக்காடு போட்டு முழங்காலில் நின்றேன். வேர்வையில் முக்காடு ஊறிவிட்டது. பேராயர் என் தலையிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கக் கரி.

"சீ, கருமம்! சட்டைக்காரி பொண்ணு கரிய பூசிக்கினு வந்துகீது பாரு" என்றாள் பின்னால் ஓர் அம்மாள். கோயிலே சிரித்தது. துரத்திவிடுவார்கள் என்றே நினைத்தேன். செத்துவிடலாம் போலிருந்தது.

பேராயர் கையைத் துடைக்கவில்லை. "முழுப் பேரு சொல்லும்மா" என்றார்.

கோயில் பதிவில் மாமா பெயரைத்தான் அப்பா பெயராகக் கொடுத்திருந்தோம். என் வாயை யார் திறந்தாரோ!

"ரூபிங்க. அப்பா தாமஸ் துரைங்க, இன்ஜின் டிரைவரு. அம்மா அன்னம்மாங்க."

அதே கரிக்கையை மறுபடியும் தலையில் வைத்து, ரூபி என்று பேர் சொல்லி ஜெபித்தார். அழுதுவிட்டேன்.

அந்த வாரமே அம்மா போர்டிங்குக்கு வந்து சீயக்காய் போட்டு என் தலையைத் தேய்த்தாள். நாலு தவலைத் தண்ணீர் சாக்கடையாக ஓடியது. "உன்னை யாரும் ஏசக்கூடாதுன்னுதான்டி பூசினேன்" என்று தேம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை செம்பட்டைத் தலையோடு நற்கருணைக்குப் போனேன். எனக்கு அடுத்து அதே அம்மாள். நான் திராட்சரசம் குடித்த பாத்திரத்தின் விளிம்பை முந்தானையால் துடைத்துவிட்டுக் குடித்தாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் முதல்முறையாக என்னைப் பார்த்து அல்ல.

ஆண்டவர் என் முடியைக் கறுப்பாக்கவில்லை, அவருக்கு ஸ்தோத்திரம். நீங்களும் எதையாவது பூசிக்கொண்டு நின்றால், கழுவிவிட்டு அவரிடம் வாருங்கள். தண்ணீர் கறுப்பாகத்தான் ஓடும். ஓடட்டும்.